ஜெர்மனியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து சித்தி மகளை ஓ-பேராக (வீட்டோடு தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு மொழி பழக வரும் இளையவர்) அழைக்கலாமா?

முடியாது. உறவுக்காரர்களை ஓ-பேராக எடுக்க அனுமதி இல்லை. அதோடு, வீட்டில் ஜெர்மன் பேசினாலும் அது உங்கள் தாய்மொழி இல்லையென்றால், உங்கள் சொந்த நாட்டிலிருந்தே ஆள் எடுக்கவும் கூடாது. வருகிறவர் ஜெர்மன் பழகவேண்டும் என்பதுதான் ஏற்பாடே. தமிழ் வீட்டில் தமிழ்ப் பெண் இருந்தால் அது நடக்குமா? ஆகவே கொலம்பியா, ஜார்ஜியா என்று வேறு நாடுகளில் தேடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 வயதை எட்டியிருக்கக் கூடாது, அடிப்படை (ஏ1) ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் தரவேண்டியது: தனி அறை, சாப்பாடு, காப்பீடு, மாதம் 280 யூரோ கைச்செலவு, மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ.

பலர் சறுக்குவது வேலை நேரத்தில்தான். வாரத்துக்கு 30 மணி நேரம், ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. காலை 7 முதல் 9 வரை குழந்தைகளைக் கிளப்பி கீட்டாவில் (குழந்தைகள் பகல் காப்பகம்) விடுவது, மதியம் 3 முதல் 6 வரை விளையாட்டும் சாப்பாடும் என்றால் ஐந்து நாளில் 25 மணி நேரம் ஆகிவிடும். அப்புறம் நீங்கள் சினிமாவுக்குப் போகும் இரவும் கணக்கில் சேரும், குழந்தை தூங்கினாலும் சரி. முழுநேரம் கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் இது சரிப்படாது, டாகஸ்முட்டர் (பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதையே தொழிலாகச் செய்பவர்) தேடுங்கள்.

ஏஜென்சி வழியாகப் போவதானால் ஆர்.ஏ.எல். என்ற ஜெர்மன் தரச்சான்று அதற்கு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தத்துக்கு முன் வீடியோ அழைப்பில் குழந்தைகளையும் உட்காரவையுங்கள்.