எங்கள் ஆலைக்குத் தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் கண்டென்சர் வடிகட்டி வாங்கினால் ஆள் கூலி மிச்சமாகுமா?

மிச்சமாகும். ஆனால் வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டவன் நான். (கண்டென்சர் என்றால் குளிரூட்டும் மெஷின் சூட்டை வெளியே விடும் பகுதி.)

நீங்கள் "ஆலை" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பஞ்சாலை என்று எடுத்துக்கொள்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஆறு வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். அங்கே டிரம் ஃபில்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், உறிஞ்சு குழாய் பஞ்சை இழுத்துக்கொண்டு போகும், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தோடுதான் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தேன்.

இப்போது இருப்பது டர்பனுக்கு வடக்கே, ஸ்டேன்ஜர் பக்கம், கோழி இறைச்சி வைக்கிற ஒரு குளிர்கிடங்கில். சுற்றிலும் கரும்பு. அறுப்புக்கு முன்னால் தோகையைக் கொளுத்துவார்கள். ஏப்ரலில் ஆரம்பித்தால் டிசம்பர் வரை ஓடும். கருகிய தோகை காற்றில் மிதந்து வந்து விழும், விரலால் தொட்டால் பொடியாகிவிடும். கொடியில் காயும் வேட்டியிலும் விழும், எங்கள் கண்டென்சர் மேலும் விழும்.

கண்டென்சரின் குழாய்ச் சுருளில் உள்ள தகடுகளுக்கு வெளியே ஒரு கம்பி வலை. மேலே இருக்கும் ஃபேன்கள் வலை வழியாகக் காற்றை இழுக்கும்போது சாம்பல் வலையிலேயே ஒட்டிக்கொள்ளும். எங்கள் அமைப்பு எளிமையானது: எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஃபேன் நிற்கும், முப்பது விநாடி பொறுத்து எதிர்ப்பக்கமாக இரண்டு நிமிடம் சுற்றும், உள்ளிருந்து வரும் காற்று சாம்பலைத் தள்ளிவிடும். மோட்டாருக்குப் போகும் மூன்று பேஸில் இரண்டை மாற்றிவிட்டால் திசை மாறிவிடும், அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. புது மாடல்களில் இதைவிட நல்லது இருக்கிறது என்று கீழே யாராவது எழுதுவார்கள். இருக்கட்டும், எங்களிடம் இருந்தது இதுதான்.

2023-ல் குளிர்காலம் முடிகிற சமயம். R404A என்கிற குளிரூட்டும் வாயுவில் ஓடும் மெஷின், வழக்கமாக 15, 16 பாரில் நிற்கும் ஹெட் பிரஷர் (கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் வாயுவின் அழுத்தம்) 20-ஐத் தாண்டியது. கண்டென்சிங் வெப்பநிலை, அதாவது அந்த வாயு திரவமாகும் வெப்பநிலை, ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரசர் இரண்டு மூன்று சதவீதம் மின்சாரம் கூடுதலாகத் தின்னும், எங்களுக்கு ஏறியது பத்து டிகிரி. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் உள்நாட்டிலிருந்து பெர்க் விண்ட் என்கிற வெந்த காற்று வீசிய ஒரு மத்தியானம் மெஷின் டிரிப் ஆகி நின்றே போனது.

சர்வீஸ் ஒப்பந்தக்காரர் வந்தார். முதல் நாள் காஸ் குறைவு என்று ஏற்றினார். மறு வாரம் உள்ளே காற்று புகுந்திருக்கிறது என்று அதே காஸை வெளியே விட்டார். இரண்டுக்கும் பில். வலையை யாரும் பார்க்கவில்லை, நானும் சேர்த்துத்தான். அதுதான் தானாகச் சுத்தமாகிறதே!

கண்டுபிடித்தது எங்கள் அண்ணா. அறுபது வயதுக்காரர், பிளான்ட்டில் எல்லாருக்கும் அவர் அண்ணாதான். "அது இருமி நாளாச்சு" என்றார் ஆங்கிலத்தில். ஃபேன் திசை மாறும்போது தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம் வரும், அதைச் சொன்னார். போய்ப் பார்த்தால் வலை கரிச்சட்டி அடி மாதிரி இருந்தது.

அந்த வருடம் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை மின்சாரம் போகும். ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ள ஆகும் பத்து விநாடியில் டைமர் தன் எண்ணிக்கையை மறந்து சுழியத்திலிருந்து தொடங்கும். எட்டு மணி நேரம் சேர்ந்தால்தானே சுத்தம் செய்யும்? சேரவே இல்லை. மின்வெட்டு இல்லாத நாளில் ஒழுங்காக வேலை செய்ததால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

அதற்கு மேல் இன்னொரு கூத்து. ஃபேன் எதிர்த்திசையில் ஓடும்போது பிரஷர் ஏறும் என்பதால், ஏற்கெனவே பிரஷர் அதிகமாக இருந்தால் சுத்தம் செய்யாதே என்று ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். தவறான யோசனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலை அழுக்கானால் பிரஷர் ஏறும், பிரஷர் ஏறினால் சுத்தம் நடக்காது. நோய் முற்றியவனுக்கு மருந்து கிடையாது என்கிற கதை.

சரிசெய்த யோசனையும் அண்ணாவுடையதே. ஒவ்வொரு முறை மின்சாரம் மாறும்போதும் கம்ப்ரசர் எப்படியும் நின்றுதானே கிடக்கிறது, அது கிளம்புவதற்கு முன் ஃபேனை இரண்டு நிமிடம் திருப்பி ஓட்டு என்றார். பிரஷர் பிரச்சினையும் இல்லை. எண்ணிக்கையை மறக்காத டைமர் ஒன்றும் மாட்டினோம். ஒரு காஸ் பில்லில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பழைய டைமர் இருந்த பேனலை முதலில் மாட்ட வந்த சென்னைப் பொறியாளர் ஒருவர், அண்ணா "தமில்" என்று சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "பேரு மட்டும்தான் தமிழா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்து இறங்கியதிலிருந்து தலைமுறை தலைமுறையாக இந்தக் கரும்பை வெட்டியவர்கள் அண்ணா வீட்டார். பள்ளியில் தமிழ் கிடைக்கவில்லை. ஆனால் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுவது நிற்கவில்லை, தைப்பூசத்துக்குக் காவடி நிற்கவில்லை. சிரித்தவர் மாட்டிய டைமர்தான் மறந்துபோன டைமர். அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்தது இன்னும் உறுத்துகிறது.

சரி, உங்கள் விஷயம். பஞ்சுக்கு எதிர்க்காற்று மட்டும் போதாது, வலையில் பின்னிக்கொள்ளும். உறிஞ்சு குழாய் உள்ளதையே பாருங்கள். எங்களுக்கே கடல் ஈரம் இறங்கிய காலையில் சாம்பல் பசையாகிவிடும், அன்றைக்குத் தண்ணீர்க் குழாயும் தூரிகையும்தான். உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும், அதுவும் மெதுவாக, இல்லாவிட்டால் தகடுகள் மடங்கும். ஆக, ஆளை முழுதாக நிறுத்திவிடாதீர்கள், வாரம் ஒரு முறையாவது யாராவது வலையைப் பார்க்கட்டும்.

விற்க வருபவர் மெஷினை ஓட்டிக் காட்டும்போது பாதியில் மெயின் ஸ்விட்சை அணைத்துப் போடச் சொல்லுங்கள். எண்ணிக்கை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.