பால் குடித்ததும் கக்கும் ஒன்பது வாரக் குழந்தை

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வாரம் நிறைந்திருக்கிறது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். ஒவ்வொரு முறை குடித்த பிறகும் கக்குகிறாள். சில வேளைகளில் மூக்கு வழியாகவும் பால் வருகிறது. குடிக்கத் தொடங்கிய ஓரிரு நிமிடத்திலேயே புரையேறி, இருமி, மார்பை விட்டு விலகி, முதுகை வில்லாக வளைத்து அழுகிறாள். காலையில் முதல் முறை கொடுக்கும்போது இது மிக அதிகம். பிறந்தபோது 3.1 கிலோ இருந்தாள், இப்போது 4.9 கிலோ. படுக்க வைத்தால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமோ என்ற பயத்தில் இரவெல்லாம் சோபாவில் உட்கார்ந்து மார்பில் சாய்த்தபடியே வைத்திருக்கிறேன். அமிலத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் தொடங்கவில்லை. என் பால் ஒத்துக்கொள்ளவில்லை, புட்டிப்பாலுக்கு மாற்று என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் முதலில் தேடியது எடையைத்தான். 63 நாட்களில் 1,800 கிராம் கூடியிருக்கிறது என்றால், நாளொன்றுக்குச் சராசரியாக 28 கிராமுக்கும் சற்று அதிகம். முதல் மூன்று மாதங்களில் ஒரு குழந்தை நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடினால் போதும் என்று நாங்கள் கணக்கிடுகிறோம். உங்கள் மகள் அந்த அளவின் மேல்விளிம்பில் இருக்கிறாள். குடித்த பாலெல்லாம் வெளியே வந்துவிடுகிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். தராசு அப்படிச் சொல்லவில்லை.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. பெரியவர்களுக்கும் அது நாளில் பலமுறை சில நொடிகள் தளர்ந்து திறக்கத்தான் செய்கிறது. ஏப்பம் வெளியேறுவது அப்படித்தான். ஆனால் இரண்டு மாதக் குழந்தைக்கு உணவு முழுவதும் நீர்மம், உணவுக்குழாய் மிகவும் குட்டையானது, நாளின் பெரும்பகுதி படுக்கையில் கழிகிறது. இந்த மூன்றும் சேர்ந்திருக்கும்போது அந்தத் தசை தளரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பால் மேலேறி வருவது இயல்பே. தொண்டையும் மூக்கும் பின்புறத்தில் ஒன்றாகவே இணைந்திருப்பதால் மூக்கு வழியாகப் பால் வருவதிலும் தனியாக அஞ்ச ஒன்றுமில்லை. பொதுவாக இந்த எதுக்களிப்பு நான்காம் மாதத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், குழந்தை உட்காரத் தொடங்கித் திட உணவும் சேர்ந்த பிறகு குறைந்து, ஓராண்டு நிறைவதற்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்றுவிடும். ஆகவே அடுத்த சில வாரங்களில் இது இன்னும் சற்று அதிகமானால் நோய் முற்றுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். ‘கக்கின பிள்ளை தக்கும்’ என்று நம் பெரியவர்கள் சொன்னதில் மருத்துவம் உண்டு. எடை ஏறும் பிள்ளைக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

கக்கும் அளவு உங்களுக்கு உறுத்தலாக இருந்தால் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். குழந்தையைத் துடைக்கும் துணியை மேசைமேல் விரித்து, ஒரு தேக்கரண்டி பாலை, அதாவது 5 மில்லியை, அதன் நடுவில் ஊற்றுங்கள். உள்ளங்கை அளவுக்கு ஈரம் பரவுவதைக் கண்டு நீங்களே வியப்பீர்கள். ‘முழுவதும் கக்கிவிட்டாள்’ என்று என்னிடம் வரும் தாய்மாரிடம் இதைச் செய்து காட்டியிருக்கிறேன். பத்து நிமிடம் பேசுவதைவிட அந்த ஒரு கரண்டிப் பால் அதிகம் புரியவைக்கும்.

இனி அழுகைக்கு வருகிறேன். குடிக்கத் தொடங்கிய ஓரிரு நிமிடத்திலேயே புரையேறுகிறது, மார்பை விட்டு விலகுகிறாள், காலையில் மார்பு நிறைந்திருக்கும்போது அது அதிகம் என்று நீங்கள் எழுதியிருப்பது முக்கியமான தகவல். எதுக்களிப்பின் தொல்லை என்றால் குடித்து முடித்த பிறகோ, குடிப்பதற்கு நடுவிலோ தெரிவதே வழக்கம். தொடக்கத்திலேயே திணறுவது, பால் சுரந்து இறங்கும் வேகத்தைக் குழந்தையால் சமாளிக்க முடியவில்லை என்பதையே பெரும்பாலும் காட்டுகிறது. அவள் விலகியவுடன் பால் பீய்ச்சி அடிக்கிறதா என்று கவனியுங்கள். அடித்தால் சந்தேகமே வேண்டாம். வேகமாக வரும் பாலை அவசரமாக விழுங்கும் குழந்தை அதோடு நிறையக் காற்றையும் விழுங்குகிறது. அந்தக் காற்று மேலே வரும்போது பாலையும் இழுத்துக்கொண்டு வருகிறது. உங்கள் மகள் கக்குவதில் பாதி இப்படித்தான் வருகிறது என்பது என் ஊகம்.

இதற்கு மருந்து வேண்டாம். நீங்கள் உட்காரும் விதத்தை மாற்றினால் போதும். முன்பக்கம் குனிந்து கொடுத்தால் பால் அவள் தொண்டைக்குள் கொட்டும். அதற்குப் பதிலாக முதுகுக்குத் தலையணை வைத்து நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டு, குழந்தையை உங்கள் வயிற்றின்மேல் குப்புறக் கிடத்தி, அவள் தலை மார்பைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி கொடுத்துப் பாருங்கள். அப்போது பால் மேல்நோக்கி வர வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது; புரையேறினால் தலையைத் தூக்கி விலகிக்கொள்ளவும் அவளால் முடிகிறது. காலையில் மார்பு கல்லாக இறுகியிருந்தால், கையால் சிறிது பீய்ச்சி, முதல் வேகம் அடங்கிய பிறகு வாய் வைக்க விடுங்கள். ஆனால் நிறையப் பீய்ச்சி எடுக்காதீர்கள். எடுக்க எடுக்க ஊறும் என்பது கிணற்றைப் போலவே மார்புக்கும் பொருந்தும். குடிக்கும்போது ‘க்ளிக்’ என்று நாக்குச் சத்தம் கேட்டால் காம்பை மட்டும் கவ்வியிருக்கிறாள் என்று பொருள். சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, கருவளையமும் வாய்க்குள் போகும்படி மறுபடி பிடிக்க வையுங்கள். சரி செய்தும் அந்தச் சத்தம் நிற்கவில்லை என்றால், தாய்ப்பால் ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ ஒருமுறை குழந்தையின் நாக்கடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அழும் ஒவ்வொரு முறையும் மார்பைக் கொடுப்பது அன்பின் இயல்பு. ஆனால் ஏற்கெனவே நிறைந்த வயிற்றில் மேலும் பால் சேரும்போது கக்கல் கூடுகிறது. கக்கிய பிறகு பசிக்குமே என்று மறுபடியும் கொடுத்தால் அதுவும் கூடுகிறது. குடித்து ஒரு மணிநேரம்கூட ஆகாமல் அழுதால், முதலில் தூக்கி நடந்து பாருங்கள், ஏப்பம் வருகிறதா என்று பாருங்கள், துணியை மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கையைச் சப்பிக்கொண்டு மார்பைத் தேடினால் தாராளமாகக் கொடுக்கலாம். கடிகாரத்தைப் பார்த்துப் பட்டினி போடச் சொல்லவில்லை. ஒரு மார்பைக் குடித்து முடித்ததும் ஏப்பம் விடச் செய்த பிறகே மறு மார்புக்கு மாற்றுங்கள். குடித்து முடித்த பின் 20 முதல் 30 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள். சாய்வு இருக்கையிலோ கார் இருக்கையிலோ மடங்கி உட்கார வைப்பது நிமிர்த்தி வைப்பதாகாது. வயிறு மடங்கி அழுத்தம் கூடுவதால் எதுக்களிப்பு அதிகமாகவே செய்யும். இடுப்பில் இறுக்கமாகக் கட்டும் துணியும் இதே தவற்றைத்தான் செய்கிறது. வீட்டில் யாராவது புகைபிடித்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். புகையும் எதுக்களிப்பைக் கூட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கக்கல் அல்ல, சோபா. களைத்துப்போன தாய் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் கண்ணயர்ந்துவிடுவது, குழந்தைகள் தூக்கத்தில் மூச்சுத் திணறி இறக்கும் சூழல்களில் மிக ஆபத்தான ஒன்று. மெத்தைக்கும் உங்கள் உடலுக்கும் நடுவே அவள் முகம் புதைந்தால் அவளால் விலகிக்கொள்ள முடியாது. இன்றிரவே இதை நிறுத்திவிடுங்கள். கக்கும் குழந்தையாக இருந்தாலும் உறுதியான, சமதளமான படுக்கையில், தலையணையோ சரிவோ இல்லாமல், மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. மல்லாந்து படுத்தால் பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்ற பயம் நியாயமாகத் தோன்றினாலும், உடலமைப்பு அதற்கு நேர்மாறானது. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதன் அடியிலும் இருக்கின்றன. எதுக்களித்து வரும் பால் ஈர்ப்பு விசையால் கீழே உள்ள உணவுக்குழாய்க்கே திரும்புகிறது. மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் அது மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிவிடும். குப்புறவோ இடப்பக்கமாகவோ கிடத்தினால் கக்கல் குறையும் என்பது உண்மைதான். ஆனால் குப்புறத் தூங்கும் குழந்தைகளிடையே தூக்கத்தில் நேரும் திடீர் மரணம் அதிகம் என்பது தெரிந்து, 1990களில் பல நாடுகள் மல்லாக்கப் படுக்க வைக்கும்படி பிரசாரம் செய்தன. அந்த மரணங்கள் பெருமளவு குறைந்தன. துணி நனைவதைத் தவிர்க்க அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, குப்புறக் கிடத்தி விளையாட்டுக் காட்டலாம். குடித்த உடனே வேண்டாம்.

புட்டிப்பாலுக்கு மாறும் யோசனையை நான் ஏற்கவில்லை. தாய்ப்பால் புட்டிப்பாலைவிட விரைவாக இரைப்பையை விட்டு இறங்குகிறது. மாற்றினால் தொல்லை கூடத்தான் வாய்ப்பு. மாவு எதையாவது கலந்து பாலைக் கெட்டியாக்கும்படியும் யாராவது சொல்லலாம். தாய்ப்பாலில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி அந்த மாவைக் கரைத்துவிடும். பால் கெட்டியாகவே இராது, ஆறு மாதத்துக்கு முன் தேவையில்லாத உணவு வயிற்றுக்குள் போனதுதான் மிச்சம்.

சொட்டு மருந்தைத் தொடங்காமல் என்னைக் கேட்டது நல்லதாயிற்று. அமிலக் குறைப்பு மருந்துகள் மேலே வரும் பாலின் புளிப்பைக் குறைக்கின்றன. அதன் அளவைக் குறைப்பதில்லை. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், எதுக்களிப்பு நோய் என்று கருதப்பட்ட 162 குழந்தைகளில் பாதிப் பேருக்கு லான்சொப்ரசோல் என்னும் அமிலக் குறைப்பு மருந்தும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலிச் சொட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பிரிவிலும் தேறியவர்கள் 54 சதவீதம். ஒரு குழந்தைகூட வித்தியாசமில்லை. நுரையீரல் தொற்று போன்ற தொல்லைகள் மட்டும் மருந்து எடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. வயிற்று அமிலம் கிருமிகளுக்கு எதிரான ஒரு வேலி என்பதை நாங்களும் சில வேளை மறந்துவிடுகிறோம். உணவுக்குழாய் புண்ணானதற்கு அடையாளம் இருந்தால் இந்த மருந்துகளுக்கு இடம் உண்டு. உங்கள் மகளுக்கு அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. எழுதிக் கொடுத்தவரிடம் இந்த எடைக் கணக்கைக் காட்டி, இரண்டு வாரம் மேற்சொன்ன முறைகளைச் செய்து பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்.

நீங்கள் பத்தியம் இருக்கத் தேவையில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: மலத்தில் சளியோ ரத்த இழையோ தெரிந்தால், உடம்பில் கரப்பான் படர்ந்தால், இரவு பகலாக அழுகை ஓயாமல் இருந்தால், பசும்பால் புரதம் உங்கள் பால் வழியாகப் போய் ஒவ்வாமையைத் தூண்டுகிறதா என்று யோசிக்கலாம். அப்போது மருத்துவரின் மேற்பார்வையில் இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், வெண்ணெய், பால்பொடி கலந்த பண்டங்கள் அனைத்தையும் விட்டுவிட்டு, பலன் தெரிந்தால் மீண்டும் சாப்பிட்டுப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இந்த இரண்டாம் பாதியைப் பலரும் செய்வதில்லை. காரணமில்லாமலே மாதக்கணக்கில் பால் தயிரை விலக்கிக் கால்சியம் குறைந்து நிற்கிறார்கள்.

பொறுத்திருக்கக் கூடாத நிலைகளையும் சொல்லிவிடுகிறேன். வாந்தி பச்சை நிறத்தில் இருந்தால் அது பித்தநீர். குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம் என்பதால் ஒருமுறை வந்தாலும், இரவானாலும், உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு முறை குடித்த பிறகும் சில அடி தூரம் பீறிட்டு வாந்தி எடுத்து, எடுத்தவுடன் அடங்காப் பசியோடு பால் தேடி, எடையும் குறைந்தால் இரைப்பையின் வெளிவாய்த் தசை தடித்திருக்கலாம். பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் தெரியவரும் இந்தக் குறை அறுவை சிகிச்சையால் முழுவதும் சரியாகிவிடும். வாந்தியில் ரத்தம், வயிறு கல்லாக உப்புதல், உச்சிக்குழி புடைத்தல், 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், மூச்சு நின்று நின்று வருதல், எழுப்பினாலும் விழிக்காத சோர்வு, 24 மணிநேரத்தில் நனையும் துணிகள் ஆறுக்கும் குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே காட்ட வேண்டும். ஆனால் உங்கள் காம்பு வெடித்திருந்தால் அந்த ரத்தத்தையே விழுங்கிக் கக்கியிருக்கலாம். அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்து, இதே தராசில், உடையில்லாமல் எடை பாருங்கள். 300 கிராமை ஒட்டிக் கூடியிருந்தால் அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திருக்கலாம். அதுவரை தோளில் போட்டுக்கொள்ள ஒரு டஜன் பருத்தித் துணிகள் வைத்துக்கொள்ளுங்கள். எடை அதைவிடக் குறைவாகக் கூடியிருந்தால், அல்லது மார்பைக் கண்டாலே அழுது மறுத்தால், குழந்தையை நேரில் காட்டுங்கள். இரவில் பால் கொடுத்த பிறகு அவளை அரைமணி நேரம் தோளில் தாங்கும் வேலையை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் உறங்கச் செல்லுங்கள். அந்த வேலைக்குத் தாய்தான் வேண்டும் என்பதில்லை.