170 வாட்டா, 115 வாட்டா: ஆர்டிஎக்ஸ் 3060, 4060 இரண்டில் எதை வாங்குவது?

கேள்வி: என் கணினியில் கோர் ஐ5 10400 ப்ராசஸர், 450 வாட் பவர் சப்ளை, பழைய ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு ஆகியவை இருக்கின்றன. நண்பர் ஒருவர் தாம் பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி) கார்டைத் தருவதாகச் சொல்கிறார். அதைவிடச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் ஆர்டிஎக்ஸ் 4060 (8 ஜிபி) கிடைக்கும். மாலையில் நான்கு மணி நேரம் கேம் விளையாடுவேன். வார இறுதியில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வீட்டு உள்ளலங்காரக் காட்சிகளை ரெண்டர் செய்வேன் (முழுப் படமாக உருவாக்குவேன்). திரை 1920×1080, 60 ஹெர்ட்ஸ். கணினி 600 விஏ யுபிஎஸ் ஒன்றில் இயங்குகிறது. 4060 மின்சாரம் குறைவாக எடுக்கும் என்கிறார்கள். கூடுதல் விலை மின் கட்டணத்தில் திரும்பிவிடுமா?
(கோவை வாசகர் ஒருவர்)

பதில்: திரும்பாது. 3060 கார்டின் அறிவிக்கப்பட்ட மின் வரம்பு 170 வாட்; 4060 கார்டின் வரம்பு 115 வாட். வித்தியாசம் 55 வாட். நாள்தோறும் நான்கு மணி நேரம் இரண்டு கார்டுகளும் முழு வரம்பில் ஓடுவதாகவே வைத்துக்கொண்டாலும், இரண்டு மாதக் கணக்கில் 13 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் வேறுபடும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கணக்கிட்டால் ஒரு பில்லுக்கு ஏறத்தாழ 105 ரூபாய்; ஆண்டு முழுவதற்கும் 650 ரூபாயைத் தொடாது. கட்டணப் படி மாறும் எல்லையில் உங்கள் வீட்டு மின் பயன்பாடு நின்றால் இத்தொகை சற்றுக் கூடலாம். அப்போதும் சில ஆயிரம் ரூபாயை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் நீங்கள் அடுத்த கார்டைப் பற்றி எனக்கு எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் அந்த 55 வாட் உங்கள் யுபிஎஸ்ஸில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். 600 விஏ என்று அச்சிட்ட யுபிஎஸ்களில் பெரும்பாலானவை தாங்கும் உண்மையான சுமை சுமார் 360 வாட்தான். 3060 கார்டுக்கு 170, கேம் ஓடும்போது ப்ராசஸருக்கு 65, மதர்போர்டு, ரேம், விசிறி, டிஸ்க் எல்லாவற்றுக்கும் 40 எனக் கூட்டினால் 275 வாட் வரும். பவர் சப்ளையின் திறன் 85 விழுக்காடு என்றால், இந்த 275 வாட்டைத் தர அது சுவரிலிருந்து 323 வாட்டை இழுக்கும். திரைக்கு 25 வாட்டைச் சேர்த்தால் ஏறத்தாழ 350 ஆகிறது. இதே கணக்கில் 4060 கார்டுக்கு 285 வாட் வருகிறது. முன்னதில் யுபிஎஸ் எல்லையின் விளிம்பில் நிற்கிறது. அத்துடன் கிராபிக்ஸ் கார்டுகள் மில்லி வினாடி அளவில் தம் வரம்பைத் தாண்டி இழுக்கும் உச்சங்களும் உண்டு. மின்வெட்டு வரும் நொடியில் யுபிஎஸ் கூவிவிட்டுக் கணினியை அணைத்துவிட்டால், பாதி முடிந்த ரெண்டரும் அதனுடன் போகும்.

பவர் சப்ளையைப் பொறுத்தவரை இரண்டு கார்டுகளுக்குமே அவற்றின் நிறுவனமான என்விடியா 550 வாட் பரிந்துரைக்கிறது. 55 வாட் வேறுபடும் இரு கார்டுகளுக்கும் ஒரே எண் சொல்லப்படுவதே, அது தரம் குறைந்த பவர் சப்ளைகளையும் மனத்தில் வைத்துச் சொல்லப்படும் பாதுகாப்பான எண் என்பதைக் காட்டுகிறது. உங்கள் 450 வாட் பெட்டி நல்ல தரமானதாகவும், அதில் கார்டுக்கென 8 முள் இணைப்பு இருப்பதாகவும் இருந்தால் 4060 தாராளமாக ஓடும். மோலெக்ஸ் எனும் பழைய நான்கு முள் வயரிலிருந்து மாற்றி இணைக்கும் அடாப்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம்.

குறைந்த மின்சாரத்தில் 4060 எப்படிக் கூடுதல் வேகம் தருகிறது என்பது அதன் சில்லிலேயே இருக்கிறது. 2021இல் வந்த 3060 கார்டின் சில் சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் தயாரானது. 2023இல் வந்த 4060 கார்டின் சில் தைவான் நிறுவனமான டிஎஸ்எம்சியின் 4என் என்ற மேலும் நுண்ணிய முறையில் தயாரானது. கணிப்பு உள்ளகங்கள் 3584இலிருந்து 3072ஆகக் குறைந்தபோதும், அவற்றின் பூஸ்ட் (உச்ச) அதிர்வெண் 1.78 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.46 கிகாஹெர்ட்ஸாக உயர்ந்திருக்கிறது. சில் எடுக்கும் மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை அதிர்வெண்ணால் பெருக்கிய அளவை ஒட்டி ஏறும். ஆகவே அதே அதிர்வெண்ணைக் குறைந்த மின்னழுத்தத்தில் எட்ட முடிகிற தயாரிப்பு முறைக்குக் கிடைக்கும் ஆதாயம் பெரிது.

உங்கள் திரையளவில் 4060 சராசரியாக 15 முதல் 20 விழுக்காடு வரை வேகமானது. 3060 நொடிக்கு 100 ஃபிரேம் தரும் கேமில் 4060 ஏறத்தாழ 117 தரும் எனக் கொண்டால், ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஃபிரேம் 0.59இலிருந்து 1.02ஆக உயர்கிறது. எனினும் உங்கள் திரை நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் காட்டாது. கேமில் 60க்கு வரம்பு வைத்துவிட்டால் பெரும்பாலான கேம்களில் எந்தக் கார்டும் தன் முழு மின்சாரத்தை எடுக்காது. மேலே போட்ட பில் கணக்கு இன்னும் சுருங்கும்.

4060 கார்டின் பலவீனம் அதன் நினைவகம். நினைவகப் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகவும், தரவு வேகம் நொடிக்கு 360 ஜிபியிலிருந்து 272 ஜிபியாகவும் குறைந்துள்ளன. சில்லுக்குள்ளேயே உள்ள சிறிய, வேகமான நினைவகமான எல்2 கேஷ் 3 எம்பியிலிருந்து 24 எம்பியாக வளர்ந்திருப்பதால் உங்கள் திரையளவில் இக்குறை பெரும்பாலும் மறைந்துவிடும். 8 ஜிபி என்ற கொள்ளளவை மட்டும் எந்தக் கேஷும் மறைக்காது. நினைவகம் நிரம்பியதும் கார்டு கணினியின் ரேமை நாட வேண்டியிருக்கும். அந்த வழியும் உங்கள் கணினியில் குறுகியது. கார்டுக்கும் கணினிக்கும் இடையே தரவு செல்லும் தடங்களில் 4060 எட்டை மட்டுமே பயன்படுத்துகிறது. உங்கள் ப்ராசஸரோ இத்தடங்களுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் தரத்தின் பழைய 3.0 தலைமுறையைச் சேர்ந்தது. ஆகவே நொடிக்குச் சுமார் 8 ஜிபிதான் கடக்கும். பதினாறு தடங்கள் கொண்ட 3060 கார்டுக்கு இது இரு மடங்கு.

எனவே முடிவைத் தர வேண்டியது உங்கள் பிளெண்டர் கோப்புகள். உங்களிடம் உள்ள காட்சிகளில் மிகப் பெரியதை, பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் ப்ராசஸரைக் கொண்டே ரெண்டர் செய்து, ரெண்டர் சாளரத்தில் தெரியும் உச்ச நினைவக அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 6 ஜிபிக்குள் நின்றால், விண்டோஸும் திரையும் எடுக்கும் பங்கைச் சேர்த்தாலும் 4060 போதும். ரெண்டரும் விரைவாக முடியும், மின்சாரமும் குறையும். 7 ஜிபியைத் தாண்டினால் 3060 கார்டை எடுங்கள். அடங்காத காட்சியை வேகமான கார்டில் தள்ளாடவிடுவதைவிட, அடங்கும் காட்சியை மெதுவான கார்டில் முடிப்பது நல்லது. உள்ளலங்காரக் காட்சிகளில் உயர் தெளிவுள்ள டெக்ஸ்சர்கள் (பரப்புகளில் ஒட்டும் படங்கள்) விரைவில் குவியும் என்பதால், உங்கள் நிலையில் நான் 3060 பக்கமே சற்றுச் சாய்வேன்.

அப்படி முடிவெடுத்தால், பணம் கொடுக்கும் முன் ஜிபியு-இசட் மென்பொருளில் 12 ஜிபி, 192 பிட் என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். இதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் கொண்ட வேகம் குறைந்த கார்டும் விற்கப்பட்டது. கார்டைப் பொருத்தியபின் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மின் வரம்பை 80 விழுக்காட்டுக்கு இறக்குங்கள். 170 வாட் 136 ஆகும். உச்ச அதிர்வெண்ணின் கடைசிப் பகுதிதான் அதிக மின்சாரத்தை விழுங்குவது என்பதால், வேகத்தில் பொதுவாகச் சில விழுக்காடே குறையும். யுபிஎஸ் மீதான சுமையும் 310 வாட்டுக்கு அருகில் இறங்கிவிடும்.