மட்கும் பிளாஸ்டிக்கில் கிளைகளும் படிகங்களும்: கேள்வி பதில்

கேள்வி (பாலிமர் படிக்கும் மாணவி): சார், பாலிமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் கிளைகள் இருந்தால் அது படிகமாவது, அதாவது சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்படுவது, குறையும் என்பது பாடம். பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) என்ற மட்கும் பிளாஸ்டிக்கில் மட்டும் கிளைகள் அதை வேகப்படுத்தும் என்கிறார்களே, எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். முதலில் படிகக் கரு உருவாக வேண்டும், அப்புறம் அது வளர வேண்டும். பிஎல்ஏ கரு உருவாவதிலேயே திணறும். நீண்ட கிளைகள் கொஞ்சம் இருந்தால் கருக்கள் பெருகும்; அதனால் மொத்த வேகம் கூடும். ஆனால் கிளை பிரியும் இடம் படிகத்துக்குள் அடங்காது, கிளைவிட்ட சங்கிலியால் சுலபமாக நகரவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு படிகமும் மெதுவாகத்தான் வளரும். கிளைகள் அளவு மீறினால் இந்தத் தடையே மேலோங்கிவிடும்.

கேள்வி (மோல்டிங் தொழில் செய்பவர்): எங்கள் பிஎல்ஏ கப்பில் சூடான டீ ஊற்றினால் நெளிகிறது. கிளைவிட்ட ரகம் வாங்கினால் சரியாகுமா?

பதில்: அது மட்டும் போதாது. படிகமாகாத பிஎல்ஏ 60 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும். டி-லாக்டிக் (சங்கிலியில் கலந்திருக்கும், லாக்டிக் அமிலத்தின் கண்ணாடிப் பிம்ப வடிவம்) அளவு எவ்வளவு என்று முதலில் விற்பவரிடம் கேளுங்கள். அது அதிகமானால் சங்கிலியின் ஒழுங்கு கெடும், எந்தக் கிளையும் காப்பாற்றாது. டி குறைந்த ரகத்தில் டால்க் (படிகக் கரு உருவாக உதவும் கனிமத் தூள்) சேர்த்து, அச்சை 100 டிகிரி அளவில் வைத்துப் பாருங்கள். நீண்ட கிளைகளின் பெரிய பலன் வேறு: உருகிய பிஎல்ஏ அறுந்துபோகாமல் இழுவை தாங்கும். ஃபோம் செய்பவர்களுக்கு அது வரம்.

கேள்வி: இன்னொரு மட்கும் பிளாஸ்டிக்கான பிஎச்பி (பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட்) நாளாக நாளாக நொறுங்குவது ஏன்? அதிலும் கிளை உதவுமா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. 1926-இல் மோரிஸ் லெமுவான் பாக்டீரியாவில் கண்டறிந்த பாலிமர் பிஎச்பி. அறை வெப்பத்திலும் அதன் சங்கிலிகள் நகர்வதால், பொருள் செய்த பிறகும் மெல்லப் படிகமாகிக்கொண்டே இருக்கும். உடையும் தன்மையும் கூடும். பிஎச்பி-யின் ஒவ்வொரு அலகிலும் தொங்குவது ஒரு கார்பன் கொண்ட மீதைல் தொகுதி. சில அலகுகளில் அதற்குப் பதில் இரண்டு கார்பன் கொண்ட எதைல் வைத்தால் கிடைப்பது பிஎச்பிவி என்ற பிளாஸ்டிக். எதைல் சிறியது என்பதால் படிக அடுக்குக்குள் நுழைந்துவிடும். உருகுநிலை இறங்கினாலும் படிக அளவு அவ்வளவாகக் குறையாது. மூன்று கார்பன் கொண்ட புரொப்பைல் வைத்தால் கதை மாறும். அது அடுக்குக்குள் இடம் பிடிக்காது. படிகம் குறைந்து பொருள் வளையத் தொடங்கும். ஒரே ஒரு கார்பன் கூடியதற்கு இவ்வளவு வித்தியாசம்! கண்டிப்பாகச் சொன்னால் இவை கிளைச்சங்கிலிகள் அல்ல, பக்கத் தொகுதிகள். ஆனாலும் குட்டைக் கிளை செய்யும் வேலையைத்தான் செய்கின்றன.

கேள்வி: படிகம் குறைந்தால் சீக்கிரம் மட்குமா?

பதில்: பெரும்பாலும் ஆம். நீரும் நொதிகளும் ஒழுங்கற்ற பகுதியைத்தான் முதலில் அரிக்கும்.