பிரேக் யாருக்கு?

அன்புள்ள ஐயா,

எங்கள் கிளப்பின் ஆண்டு நைன்-பால் போட்டிக்கு (1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகளை வரிசைப்படி குறிவைத்து, 9ஐப் பாக்கெட்டில் வீழ்த்துபவர் வெல்லும் பூல் ஆட்டம்) விதிகளை வகுக்கும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்திருக்கிறது. ஒரு ரேக்கை, அதாவது ஒரு சுற்றை, வென்றவரே அடுத்த ரேக்கையும் உடைப்பார் (அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியான பிரேக்கை அடிப்பார்) என்ற முறையில் ஒருவர் தொடர்ந்து ஆட, மற்றவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து தோற்க நேர்கிறது. மாற்றி மாற்றி உடைப்பதே நியாயம் என்பது என் கருத்து. மூத்த ஆட்டக்காரர்கள் ஒப்பவில்லை. உலக அளவிலும் போட்டிக்குப் போட்டி விதி மாறுவதால்தான் பூல் ஆட்டத்துக்கு ஸ்னூக்கரைப் போல நிலையான ரசிகர் கூட்டம் சேரவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

இரு தரப்பும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் சண்டையிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. முதலில் 9 ரேக்குகளை வெல்பவருக்கு வெற்றி என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சம் 17 ரேக்குகள். மாற்றி மாற்றி உடைத்தால் முதலில் உடைத்தவருக்கு 9 பிரேக்குகளுக்கு மேலும், எதிராளிக்கு 8க்கு மேலும் கிடைக்க வழியில்லை. வென்றவர் உடைக்கும் முறையிலும் உச்சவரம்பு இதுவேதான். எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். முடிவு தெரிந்த பிறகும் மீதமுள்ள ரேக்குகளை, அவரவர் உச்சவரம்பு நிறையும்படி பிரேக்கைப் பகிர்ந்து, கற்பனையில் ஆடி முடித்தால், இரண்டு முறைகளிலும் ஒருவர் 9 முறை, மற்றவர் 8 முறை உடைத்த அதே 17 ரேக்குகள்தான் மிஞ்சும். அவற்றுள் ஒன்பதை வென்றவரே ஆட்டத்தை வென்றவர். ஆகவே ஒரு ரேக்கின் முடிவு அடுத்த ரேக்கில் ஆடுபவரின் திறமையைப் பாதிக்காத வரை, ஒருவர் வெல்லும் வாய்ப்பு இரண்டு முறைகளிலும் இம்மியும் மாறாது.

மாறுவது ஆட்டத்தின் தோற்றம். 1996ஆம் ஆண்டு டாலஸில் நடந்த போட்டியொன்றில், தொடர்ந்து 10 ரேக்குகளை வெல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்திருந்தார்கள். அமெரிக்க ஆட்டக்காரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்ட் எதிராளிக்கு இடமே கொடுக்காமல் 11 ரேக்குகளை வென்றார். வென்றவர் உடைக்கும் முறை இல்லாவிட்டால் அப்படியொரு ஓட்டம் நினைத்தும் பார்க்க முடியாதது. மாற்றி உடைக்கும்போது எண்ணிக்கை கடைசி வரை நெருக்கமாகவே நகரும். அது தொலைக்காட்சிக்கு வசதி. நாற்காலியில் காத்திருப்பவரின் கை குளிர்ந்துபோகிறது என்ற உங்கள் மனக்குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது மன உறுதியைச் சோதிக்கும் விஷயமே தவிர அநியாயம் அல்ல.

வியூகத்தை உண்மையில் புரட்டிப்போடுபவை, கிளப் கூட்டங்களில் யாரும் விவாதிக்காத விதிகள். ஃபவுல் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நைன்-பாலில், ஆட வேண்டிய பந்து மறைந்திருந்தால் வெள்ளைப்பந்தை விருப்பமான இடத்துக்கு உருட்டிவிடலாம். அங்கிருந்து ஆடுவதா, திருப்பிக் கொடுப்பதா என்று எதிராளி முடிவு செய்வார். யாரும் துணியாத ஷாட்டை அடிக்கத் தெரிந்தவருக்கு அந்த விதி சொர்க்கம்; எதிராளியை மறைப்பில் மாட்டிவிடும் சேஃப்டிக்கு அதில் பெரிய மதிப்பில்லை. 1980களில் பரவிய ஒரே ஃபவுல் விதி இதைத் தலைகீழாக்கியது. இப்போது மிகச் சிறிய எண்ணுள்ள பந்தை முதலில் தொடாவிட்டால், எதிராளி வெள்ளைப்பந்தைக் கையில் எடுத்து மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தொழில்முறை ஆட்டத்தில் அது பெரும்பாலும் ரேக்கையே தாரை வார்ப்பதற்குச் சமம். அதனால் சேஃப்டி ஆயுதமாயிற்று. மேசை விளிம்பிலுள்ள குஷனில் மோதித் திரும்பி மறைந்த பந்தைத் தொடும் கலை, உயிர்பிழைக்கும் வழியாயிற்று. 1995இல் அமெரிக்காவின் ரீனோவில் ஸ்ட்ரிக்லேண்டுக்கு எதிராக பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் எஃப்ரன் ரேயஸ் இரண்டு குஷன்களில் மோதி, மறைந்திருந்த பந்தைப் பாக்கெட்டிலும் வீழ்த்திய அந்தப் புகழ்பெற்ற ஷாட், பழைய விதி இருந்திருந்தால் பிறந்தே இருக்காது, உருட்டிவிட்டு ஒதுங்கியிருப்பார்.

பழைய விதியின் எச்சம் ஒன்று இன்றும் இருக்கிறது. பிரேக்குக்கு அடுத்த ஷாட்டில் மட்டும் புஷ் அவுட் என்று அறிவித்து, வெள்ளைப்பந்தை அப்படி உருட்டிவிடலாம். பாகப் பிரிவினையில் ஒருவர் பங்கு பிரிக்க மற்றவர் முதலில் எடுப்பதைப் போன்றது இது. மிக எளிதாக விட்டால் எதிராளி ஆடிவிடுவார், மிகக் கடினமாக விட்டால் நமக்கே தள்ளிவிடுவார். எதிராளியின் பலவீனத்தை அறிந்தவரே சரியான இடத்தில் விடுவார். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த தருணம் இதுதான்.

அடுத்தது, ரேக்கை எங்கே வைப்பது என்பது. 1ஆம் பந்தை மேசையில் குறித்த புள்ளியில் வைத்து இறுக்கமாக அடுக்கினால், வைர வடிவ அடுக்கின் பக்கவாட்டு மூலையிலுள்ள பந்து கிட்டத்தட்டச் சொன்னபடி மூலைப் பாக்கெட்டுக்குப் போகும். 2001 யு.எஸ். ஓபன் இறுதியாட்டத்தில் கோரி டூயல் மிகா இம்மோனனை 11–0 என்று வென்றபோது, அவருடைய மென்மையான பிரேக்கே பேச்சாயிற்று. வலுவாக உடைக்க வேண்டும் என்று எதிர்பார்த்து வந்த பார்வையாளர்கள் முகம் சுளித்தார்கள். விதிப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. இத்தகைய பிரேக்குகளைக் கட்டுப்படுத்தத்தான் சில போட்டிகளில் 9ஆம் பந்தைப் புள்ளியில் வைக்கிறார்கள். பாக்கெட்டில் விழுந்த பந்துகளும் பிரேக் அடிக்கும் முனையிலுள்ள தலைக்கோட்டைத் தாண்டிய பந்துகளும் சேர்ந்து குறைந்தது மூன்று இருக்க வேண்டும் என்கிறார்கள்.

பத்துப் பந்துகளுடன் ஆடும் டென்-பாலில் எந்தப் பந்து எந்தப் பாக்கெட்டுக்கு என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நைன்-பாலில் குறி தவறிய ஷாட்டிலும் 9 தற்செயலாக விழுந்து ரேக் கைக்கு வரலாம். ஆட்டக்காரர்களுக்கு முன்னது உவப்பு, அரங்கத்துக்குப் பின்னது. எந்தப் பந்தையும் எந்த வரிசையிலும் வீழ்த்தி எண்ணிக்கை சேர்க்கும் ஸ்ட்ரெய்ட் பூலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1954இல் வில்லி மோஸ்கோனி தொடர்ந்து 526 பந்துகளை வீழ்த்திய அந்த ஆட்டத்தை வல்லுநர்கள் இன்றும் போற்றுகிறார்கள். ஆனால் ஒருவர் மட்டுமே ஆடும் ஆட்டத்தை நெடுநேரம் பார்க்கப் பொதுப் பார்வையாளருக்குப் பொறுமை இருப்பதில்லை.

எனவே எல்லாவற்றையும் ஒரே விதிக்குள் அடைத்தால் ரசிகர்கள் வந்துவிடுவார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டெஸ்ட் போட்டியும் இருபது ஓவர் ஆட்டமும் அருகருகே இருப்பதால் கிரிக்கெட் நலிந்துவிடவில்லை. ஒரே போட்டியின் விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவது வேறு விஷயம். அந்தக் குழப்பத்தைக் கண்டிப்பதில் நான் உங்கள் பக்கம்.

உங்கள் கிளப்புக்கு நியாயம்தான் நோக்கம் என்றால், ஆட்டத்தின் நீளத்தைக் கவனியுங்கள். 1996இல் ஹாங்காங்கில் ரேயஸும் ஸ்ட்ரிக்லேண்டும் முதலில் 120 ரேக்குகளை வெல்பவருக்கு வெற்றி என்று ஆடினார்கள்; மூன்று நாட்களுக்குப் பிறகு ரேயஸ் 120–117 என்று வென்றார். ஐரோப்பிய அணியும் அமெரிக்க அணியும் மோதும் மோஸ்கோனி கோப்பையில் ஒவ்வோர் ஆட்டமும் 5 ரேக்குகளுக்குத்தான். ஆட்டம் குறுகக் குறுக, திறமை குறைந்தவர் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. நேரம் அனுமதித்தால் 5ஐ 9ஆக்குங்கள். பிரேக்கில் 9 விழுந்தால் வெற்றியா, திரும்பப் புள்ளியில் வைப்பதா என்பதைப் போட்டிக்கு முன்பே எழுத்தில் ஒட்டிவிடுங்கள். யார் உடைப்பது என்பதை மூத்தவர்களின் விருப்பத்துக்கே விட்டுக்கொடுத்துவிடலாம்.