பாஸ்கல் புரோகிராம் மொழியில் சக் (succ) கடைசி மதிப்பில் ஏன் பிழை தருகிறது?

திருகோணமலை–புல்மோட்டை பஸ் தரிப்பிடங்களை எனியூமரேட்டட் டைப்பாக (பெயர்களை வரிசையாக அடுக்கிய டைப்) எழுதி, வைல் லூப்பில் சக் போட்டு ஒவ்வொன்றாகப் போனால் கடைசித் தரிப்பிடத்தில் புரோகிராம் நின்றுவிடுகிறது என்கிறீர்கள்.

டைப் தரிப்பிடம் = (திருகோணமலை, உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை);

(உண்மையான கோடில் ஆங்கில எழுத்துத்தான்.) ஆர்ட் (ord) வரிசை எண்ணைத் தரும், சக் அடுத்த மதிப்பைத் தரும். எண் 0இல் தொடங்கும், ஆகவே ஆர்ட்(நிலாவெளி) 2, சக்(நிலாவெளி) என்றால் குச்சவெளி. புல்மோட்டைக்குப் பிறகு பட்டியலில் ஒன்றுமில்லை, அங்கே சக் போட்டால் பிழைதான். ரேஞ்ச் செக்கிங்கை (மதிப்பு எல்லைக்குள் இருக்கிறதா என்ற சோதனையை) நிறுத்தி வைத்திருந்தால் இன்னும் மோசம்: சத்தமில்லாமல் குப்பை மதிப்பு வரும். வைல் லூப்பில் சக் போடுவதை விட்டுவிட்டு, ஃபார் த := திருகோணமலை டு புல்மோட்டை டூ என்று எழுதுங்கள்.

ஆர்ட் எண்ணை ஃபைலில் சேமிக்காதீர்கள். நாளைக்கு நடுவில் இறக்கக்கண்டியைச் சேர்த்தால் குச்சவெளி 3இலிருந்து 4ஆகிவிடும்.

பெயரை அச்சிட, டர்போ பாஸ்கல் கம்பைலரில் ஸ்ட்ரிங் அர்ரே (பெயர்களை எழுத்தாக வைத்திருக்கும் பட்டியல்) ஒன்று தேவை. ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரில் அச்சிடும் கட்டளையான ரைட்எல்என் (writeln) போதும்.