பம்பை மாற்றும் முன் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள்

கேள்வி: சிபியு, கிராபிக்ஸ் கார்டு இரண்டையும் ஒரே வாட்டர் கூலிங் லூப்பில் இணைத்திருக்கிறேன். 360 மிமீ ரேடியேட்டர் ஒன்று, டி5 பம்ப் ஒன்று. கேம் ஆடும்போது சிபியு 85 டிகிரிக்குப் போகிறது. பெரிய பம்ப் வாங்கு என்கிறார் ஒரு நண்பர். தண்ணீரை மெதுவாக ஓட விடு, அப்போதுதான் ரேடியேட்டரில் நின்று ஆறும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று உங்கள் கேள்வியில் இல்லை. அது தெரியாமல் எதை வாங்கினாலும் இருட்டில் கல்லெறிகிற கதைதான்.

முதலில் இந்த மெதுவாக ஓடும் தண்ணீர் விஷயம். கேட்க நியாயமாகத்தான் படும். ஆனால் லூப் என்பது ஒரு வட்டம். ரேடியேட்டரில் கூடுதல் நேரம் நிற்கிற தண்ணீர், பிளாக்கிலும் (சிப்பின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் உலோகப் பாகம்) அதே கணக்கில் கூடுதல் நேரம் நின்று சூடேறும். அப்புறம், மெதுவாக ஓடினால் ரேடியேட்டரின் கடைசிப் பகுதிக்கு வரும்போதே தண்ணீர் ஓரளவு ஆறிவிடுவதால், அங்கே இருக்கும் தகடுகளுக்குப் பெரிதாக வேலையே இருக்காது. வேகத்தைக் குறைத்தால் லாபம் சத்தத்தில் மட்டும்தான், சூட்டில் இல்லை.

பெரிய பம்புக்கு வருவோம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 70 வாட் வேண்டும். உங்கள் இரண்டு சிப்களும் சேர்ந்து 450 வாட் கொட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால் தண்ணீர் ஒரு சுற்றில் ஆறரை டிகிரி ஏறும், 2 லிட்டர் ஓடினால் மூன்றே கால், 4 லிட்டர் ஓடினால் ஒன்றரை டிகிரியைச் சற்றுத் தாண்டும். அதையும் இரட்டித்து 8 லிட்டர் ஆக்கினால் மிச்சமாவது ஒரு டிகிரிகூட இல்லை. பிளாக்குக்குள் தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சூட்டை வாங்கும் என்பது உண்மை, ஆனால் அந்த லாபமும் இதே மாதிரிதான் தேய்ந்துகொண்டே போகும். டி5 பம்ப் முழு வேகத்தில் 20 வாட்டுக்கு மேலும் இழுக்கக்கூடியது, அதில் பெரும்பகுதி சூடாகத் தண்ணீருக்குள்ளேயே போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் டி5 ஒன்றே உங்களுக்குத் தாராளம். பாதிக்குச் சற்று மேலே வைத்து ஓட்டிப் பாருங்கள், சூட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது, காதுக்கு நிம்மதி.

சரி, எதை வாங்குவது? தண்ணீரின் சூட்டைக் காட்டும் சென்சார் ஒன்று. லூப்பில் மூடி போட்டிருக்கும் ஏதாவது ஒரு துளையில் திருகிவிடலாம், அதன் இரண்டு கம்பிகள் மதர்போர்டில் உள்ள இரண்டு பின் இணைப்பில் சேரும். அந்த இணைப்பு எல்லா மதர்போர்டிலும் கிடையாது, வாங்கும் முன் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் சென்சாரை ஏற்கும் தனி ஃபேன் கன்ட்ரோலர் வேண்டும். மாட்டிய பிறகு அரை மணி நேரம் கேம் ஓடட்டும், தண்ணீர் சூடேறி ஒரு நிலைக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். பிறகு இரண்டே கழித்தல் கணக்கு.

தண்ணீரின் சூட்டிலிருந்து ரேடியேட்டருக்குள் போகும் காற்றின் சூட்டைக் கழியுங்கள். 10 டிகிரிக்குள் வந்தால் ரேடியேட்டர் அருமையாக வேலை செய்கிறது. 15 பரவாயில்லை. 20ஐத் தாண்டினால் ரேடியேட்டர் போதவில்லை அல்லது ஃபேன்கள் சோம்பலாகச் சுற்றுகின்றன, அப்போது இரண்டாவது ரேடியேட்டருக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. அடுத்து சிபியு சூட்டிலிருந்து தண்ணீரின் சூட்டைக் கழியுங்கள். உதாரணமாக அறை 30, தண்ணீர் 38, சிபியு 85 என்று வந்தால், உலகத்தில் உள்ள ரேடியேட்டரையெல்லாம் மாட்டினாலும் அந்த 8 டிகிரியைத்தான் குறைக்க முடியும்! மீதி 47 டிகிரி சிப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கு பிளாக்கைக் கழற்றி, சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் சரியாகப் பரவியிருக்கிறதா, நான்கு திருகும் ஒரே அளவு இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால், சிறிய இடத்தில் நிறைய வாட் எரிக்கும் சிப் அது, பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) சிப் இழுக்கும் மின்சாரத்துக்கான உச்சவரம்பை, அதாவது பவர் லிமிட்டை, கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், காசே செலவில்லை.

சென்சார் மாட்டியதும் ஃபேன் வேகத்தையும் தண்ணீரின் சூட்டோடு கட்டிவிடுங்கள். சிபியு சூடு ஒரு நொடியில் 20 டிகிரி தாவும், பிரவுசரைத் திறந்தாலே ஃபேன்கள் உறுமி அடங்கும். தண்ணீர் அப்படித் தாவாது, ஆகவே ஃபேனும் பதறாது. தண்ணீர் 45 டிகிரியைத் தொடும்போது ஃபேன்கள் முழு வேகத்தில் இருக்கட்டும். 60க்குப் பக்கத்தில் பெட்ஜி (PETG) எனும் கெட்டி பிளாஸ்டிக் டியூப்கள் இளக ஆரம்பிக்கும், பம்புகளுக்கும் பெரும்பாலும் அதுதான் எல்லை.

கேள்வி: ஃப்ளோ மீட்டரில் மணிக்கு 200 லிட்டர் காட்டிக்கொண்டிருந்தது, இப்போது 110தான். பம்ப் போய்விட்டதா?

பதில்: பம்பைக் குறை சொல்லும் முன் சிபியு பிளாக்கைத் திறங்கள். எனக்கு இதே அனுபவம் உண்டு. புது பம்ப் வரை ஆர்டர் போட்டுவிட்டு, கடைசியில் பிளாக்கைத் திறந்தால், செம்புத் தகடுகளின் மேல் வெள்ளையாக, மெழுகு மாதிரி ஒரு படலம். ஊடுருவித் தெரியும் மென்மையான டியூப்பில், அது வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் என்ற பொருள் கூலன்ட்டில் (லூப்பில் ஓடும் திரவம்) கசிந்து வந்து, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த இடுக்குகளில் உட்கார்ந்திருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன், ஓட்டம் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் டியூப்தான் போடுகிறேன், அழகு குறைவு, ஆனால் இந்தத் தொல்லை இல்லை. மீட்டர் சொல்லும் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம், ஒரு மீட்டருக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துவராது; லூப் புதிதாக இருக்கும்போது எவ்வளவு காட்டியது என்று குறித்து வைத்து, அதோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: அலுமினிய ரேடியேட்டர் மலிவாகக் கிடைக்கிறது, என் பிளாக் செம்பு. சேர்த்து மாட்டலாமா?

பதில்: கூடாது. இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும், கூலன்ட்டில் உள்ள தடுப்பு மருந்து அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. விளம்பரத்தில் உலோகத்தின் பெயரே இல்லையென்றால் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் வேறு ரேடியேட்டர் பாருங்கள்.